ஆரஞ்சுக் கடுவனுக்குக் கறுப்புக் குட்டி பிறக்குமா?

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பெர்ஷியன் பூனை. பெட்டை சாம்பல் நிறம். விற்றவர் ‘ப்ளூ’ என்று சொல்லிக் கொடுத்தாராம். கடுவன் ஆரஞ்சு. முதல் ஈத்தில் நாலு குட்டி: ஆரஞ்சுக் கடுவன் ஒன்று, கன்னங்கரேலென்று கறுப்புக் கடுவன் ஒன்று, சாம்பலும் சந்தன நிறமும் கலந்த பெட்டை ஒன்று, வெள்ளையாகப் பிறந்து மூன்றாவது வாரம் காதும் மூக்கும் மட்டும் காப்பித்தூள் நிறத்துக்கு மாறிய கடுவன் ஒன்று. இப்போது எட்டு வாரம் ஆகிறது, நாலுக்கும் முடி நீளமாகத்தான் இருக்கிறது. ‘ஆரஞ்சு குட்டி அப்பனை உரித்து வைத்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கறுப்பும் வெள்ளையும் மாடிக்கு வந்துபோகிற தெருக் கடுவனுடையதா?’ என்பது கேள்வி.

சந்தேகம் இடம் மாறி விழுந்திருக்கிறது. இந்த ஈத்தில் கறுப்புக் குட்டியைப் பற்றி யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆரஞ்சுக் கடுவனுக்குக் கறுப்பு மகன் பிறப்பது சாதாரணம். விளக்கம் தேவைப்படுவது அப்பனை உரித்து வைத்ததாகச் சொல்கிற அந்த ஆரஞ்சுக் குட்டிக்குத்தான்.

பூனைக்கு 19 ஜோடி குரோமோசோம்கள். ஆரஞ்சு நிறத்துக்கான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக எக்ஸில் எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. 2025இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன: ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவுக்குள் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அந்தத் துண்டு இல்லாததால் நிறமி செல் கறுப்பு நிறமி செய்வதை விட்டு ஆரஞ்சு நிறமி செய்கிறது.

கடுவனுக்கு ஒரே ஒரு எக்ஸ். அது அம்மாவிடமிருந்து வருவது. அப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய். ஆகவே ஒரு கடுவன் குட்டி ஆரஞ்சா இல்லையா என்பதில் அப்பனுக்குப் பங்கே கிடையாது. உங்கள் ஆரஞ்சு மகன் அந்த நிறத்தை அம்மாவிடமிருந்துதான் வாங்கியிருக்க முடியும். தெருக் கடுவனே அப்பனாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒருவேளை அந்தக் குட்டியின் பாலினத்தைத் தப்பாகப் பார்த்திருந்து அது பெட்டையாக இருந்தாலும் பதில் இதேதான், ஏனென்றால் முழு ஆரஞ்சுப் பெட்டைக்கு இரண்டு எக்ஸிலும் அந்த மாற்றம் வேண்டும், ஒன்று அம்மாவுடையது. எப்படிச் சுற்றினாலும் உங்கள் ‘ப்ளூ’ பெட்டையிடம் வந்து நிற்கிறது. அவள் ப்ளூ அல்ல. ஒரு எக்ஸில் ஆரஞ்சு உள்ள ப்ளூ-க்ரீம், அதாவது நிறம் வெளிறிய டார்ட்டி (கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பூனையை டார்ட்டி என்பார்கள்). விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லவரவில்லை. பெர்ஷியனில் ப்ளூ-க்ரீம் பெரும்பாலும் திட்டுத்திட்டாக இல்லாமல் பாலில் டிகாக்‌ஷன் கலந்த மாதிரி இழைந்து கிடக்கும். க்ரீம் குறைவாக விழுந்த பெட்டையை அனுபவசாலிகளே ப்ளூ என்று எழுதிவிடுவதுண்டு.

பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், க்ரீமும் சாம்பலும் ஒன்றாகவே தெரியும். காலை எட்டு மணி வெயில் முற்றத்திலோ திண்ணையிலோ நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில் அவளை மடியில் மல்லாத்துங்கள். இரும்புச் சீப்பால் முடியை எதிர்த்திசையில் வகிடெடுத்து வேர் வரை பாருங்கள். முதலில் பாதம்: விரல்களுக்கு நடுவே ஒரு கொத்து சந்தன நிற முடி, அல்லது சாம்பல் நிறப் பாத மெத்தையில் ரோஸ் புள்ளி. அடுத்து தாடை, காதின் பின்புறம், தொடையின் உள்பக்கம், கடைசியாக வால் நுனி. ஒரு கட்டைவிரல் நகம் அளவு க்ரீம் கிடைத்தால் போதும், கேள்வி முடிந்தது. இதில் ஒரு குழப்பம் வரும். டெல்டா வெயிலில் சாம்பல் முடியும் கறுப்பு முடியும் நுனியில் துரு ஏறும், அதையும் க்ரீம் என்று நினைத்துவிடலாம். வித்தியாசம் வேரில் இருக்கிறது: வெயில் துரு நுனியில் மட்டும்தான், வேர் சாம்பலாகவே இருக்கும். உண்மையான க்ரீம் முடி வேரிலிருந்து நுனி வரை க்ரீம்.

கொத்து கிடைக்காவிட்டாலும் மகன் சாட்சி இருக்கிறான். டார்ட்டியில் எந்த நிறம் எவ்வளவு விழும் என்பது கருவில் ஆரம்ப நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது. பெட்டையின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடும். எதை அணைப்பது என்பது தற்செயல். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதையே பின்பற்றும். 1961இல் மரபியலாளர் மேரி லயன் சொன்ன இந்த விளக்கத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் மூன்று கலர் பூனைதான். 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற கேலிகோ, அதாவது மூன்று கலர் பூனையைக் குளோனிங் முறையில் நகலெடுத்தார்கள். பிறந்த குட்டியிடம் ஆரஞ்சு ஒரு திட்டுகூட இல்லை. அதே மரபணு, வேறு நிறம். ஆகவே உங்கள் பெட்டையிடம் கண்ணுக்குத் தெரியும் க்ரீம் குறைவு என்பதால், அவள் ஆரஞ்சைக் கடத்துவது குறைந்துவிடாது. ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்த ஈத்துக்கும் உதவும் என்பதால் கணக்கை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு இல்லாத பெட்டை, ஆரஞ்சுக் கடுவன்: மகன்கள் எல்லாம் கறுப்பு வகை, மகள்கள் எல்லாம் டார்ட்டி. ஆரஞ்சுப் பெட்டை, கறுப்புக் கடுவன்: மகன்கள் எல்லாம் ஆரஞ்சு, மகள்கள் எல்லாம் டார்ட்டி. டார்ட்டிப் பெட்டை, ஆரஞ்சுக் கடுவன், அதாவது உங்கள் வீட்டு ஜோடி: மகன்களில் பாதி ஆரஞ்சு பாதி கறுப்பு வகை, மகள்களில் பாதி ஆரஞ்சு பாதி டார்ட்டி. டார்ட்டிப் பெட்டை, கறுப்புக் கடுவன்: மகன்கள் முன்போலவே பாதிபாதி, மகள்களில் பாதி டார்ட்டி பாதி கறுப்பு வகை, ஆரஞ்சு மகள் கிடையாது. மூன்று கலர் பூனைகளில் கடுவன் சுமார் 3,000இல் ஒன்று என்பார்கள். அதற்கு எக்ஸ் ஒன்று கூடுதல், அநேகமாக மலடு. அதை அபூர்வம் என்று பெரிய விலை சொன்னால் வாங்காதீர்கள்.

மேலே ‘கறுப்பு வகை’ என்று சொன்னதில் ப்ளூவும் அடக்கம். ப்ளூ தனி நிறமி அல்ல, கறுப்பு நிறமிதான். எம்எல்பிஎச் என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் நிறமித் துகள்கள் முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டிக்கட்டியாகத் தங்கும். ஒளி இடையில் புகுந்து கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆரஞ்சு அதே காரணத்தால் க்ரீமாகும், சாக்லெட் லைலாக் ஆகும். இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும் என்பதால், சாம்பல் அம்மாவிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் ஒரு பழுதுப் பிரதி வந்தே தீரும். உங்கள் ஆரஞ்சுக் கடுவன் நல்ல பிரதியைக் கொடுத்த இடத்தில் கறுப்பு வந்தது. சாம்பலும் சந்தனமும் கலந்த பெட்டைக்கு அவன் பழுதுப் பிரதியைக் கொடுத்திருக்கிறான். ஆக, அவனிடம் இரண்டும் இருக்கிறது, அடுத்த ஈத்திலும் சுமார் பாதி வெளிறியே வரும். இரண்டு ப்ளூ சேர்ந்து கறுப்புக் குட்டி போட்டால் அங்கேதான் வேறு கடுவனைத் தேட வேண்டும்.

ஆரஞ்சுக் குட்டியின் நெற்றியில் ‘எம்’ மாதிரி கோடும் காலில் வளையமும் இருக்கும், போகுமா என்றும் கேட்பீர்கள். கோட்டை அழித்து ஒரே நிறமாக்குகிற மரபணு கறுப்பு நிறமியின் மேல்தான் வேலை செய்யும், ஆரஞ்சு நிறமி அதற்குக் கட்டுப்படாது. அதனால் எல்லா ஆரஞ்சுப் பூனையிலும் கோடு ஏதோ ஒரு அளவில் தெரியும். போட்டியில் வைக்கும் ‘சாலிட் ரெட்’ பெர்ஷியனில்கூட பல தலைமுறை தேர்ந்தெடுத்து, நீள முடியால் மறைத்து வைத்திருப்பதுதான். உடம்பில் மங்கும், முகத்திலும் வாலிலும் தங்கும்.

நாலாவது குட்டிக்கு வருகிறேன். அது வெள்ளைக் குட்டியே அல்ல. வெள்ளை என்பது ஆதிக்க மரபணு, பெற்றோரில் ஒன்றாவது வெள்ளையாக இல்லாமல் வராது. காது, மூக்கு, பாதம், வால் மட்டும் நிறம் ஏறுவது ‘பாயிண்ட்’. பெர்ஷியன் உடம்பில் இந்த நிறம் இயற்கையாக வந்ததல்ல. சியாமீஸ் பூனையோடு கலந்து கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவின் சிஎஃப்ஏ என்ற பூனை இனப் பதிவுச் சங்கம் 1957இல் ஹிமாலயன் என்று தனி இனமாக ஏற்று, 1984இல் பெர்ஷியனுக்குள்ளேயே ஒரு பிரிவாகச் சேர்த்தது. இது ஒடுங்கிய மரபணு, அப்பா அம்மா இருவரும் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டும். இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்தால் நாலில் ஒன்று வாய்ப்பு. உங்கள் ஈத்தில் நாலில் ஒன்று வந்திருக்கிறது (எப்போதும் இவ்வளவு சுத்தமாக வராது). நம் பக்கம் விற்கும் பெர்ஷியன் வரிசைகளில் ஹிமாலயன் கலந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

நீலக் கண் என்பதால் செவிடாக இருக்குமோ என்ற பயம் இந்தக் குட்டிக்கு வேண்டாம். செவிட்டுத்தன்மை முழு வெள்ளை மரபணுவோடு வருவது: இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம், ஒரு கண் மட்டும் நீலமானவற்றில் சுமார் 40 சதவீதம் வரை செவிடு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாயிண்ட் பூனையின் நீலக் கண் வேறு காரணத்தால் வருவது.

பாயிண்ட் பூனை வளர்க்கிற டெல்டாக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் நிறம் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. நிறமி செய்யும் டைரோசினேஸ் என்ற நொதி இந்தப் பூனைகளில் கொஞ்சம் பழுது. 38, 39 டிகிரி உடல் சூட்டில் வேலை செய்யாது, சூடு குறைந்த நுனிகளில் மட்டும் செய்யும். தாய் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு என்பதால்தான் வெள்ளையாகப் பிறந்தது. இதனால் சித்திரை வைகாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் வளரும் குட்டிக்கு உடம்பு தந்தம் மாதிரி இருக்கும், காதும் வாலும் படத்தில் பார்த்த அளவு கறுக்காது. அதையே ஏசி அறையில் வளர்த்தால் முதுகு முழுக்கப் பழுப்பு ஏறும். மார்கழிப் பனியிலும் கொஞ்சம் ஏறும். கோடையில் ‘லயன் கட்’ என்று முதுகை மழித்துவிட்டு ஏசியில் விட்டால், முளைத்துவரும் முடி திட்டாகக் கறுத்து வந்து, நோயோ என்று பயமுறுத்தும். நோயில்லை, அந்த முடி உதிர்ந்து அடுத்தது முளைக்கும்போது சரியாகும். ஆனால் சிக்குப் போட்ட இடத்தை வெட்டும்போது சிவந்து வட்டமாகப் பொருக்கு இருந்தால் அது வேறு விஷயம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் முடி காயாமல் கிடந்தால் படர்தாமரை சேரும். பெர்ஷியனுக்கு அது சீக்கிரம் வரும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். அதை நிறக் கணக்கில் சேர்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு வாரக் குட்டியின் நிறத்தை இறுதி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உம்பளாச்சேரிக் கன்று செவலையாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பலாக மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், பூனையிடமும் அந்தப் பொறுமை வேண்டும். கறுப்பு பெர்ஷியன் குட்டி முதல் சில மாதம் பழுப்படித்து, சாம்பல் பூத்தாற்போல இருக்கும். பெரியமுடி வந்த பிறகே மை நிறம் நிற்கும். பாயிண்ட் வயதோடு கறுக்கும். வெள்ளைக் குட்டிகளுக்கு உச்சந்தலையில் ஒரு தொப்பிபோல நிறம் இருந்து ஒரு வருடத்துக்குள் மறையும். அது வெள்ளைக்கு அடியில் ஒளிந்திருக்கும் நிறம் எது என்று காட்டும் ஒரே ஜன்னல், மறைவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியமுடி வந்த பிறகும் கறுப்புக் குட்டி செம்பட்டையாகவே இருந்தால் சாப்பாட்டைப் பாருங்கள். கறுப்பு நிறமி டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்யப்படுவது. அது குறைந்த தீனியில் வளர்த்த கறுப்புப் பூனைகள் செம்பழுப்பாக மாறுவதைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள். வளர்ச்சிக்குத் தேவைப்படுவதைவிட முடி கறுப்பாக இருக்க அதிகம் தேவைப்படுகிறது. அதாவது குட்டி எடை ஏறி நன்றாகத் தெரியும்போதே முடி மட்டும் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும். தயிர்சாதமும் பாலும் கொடுத்து வளர்க்கிற வீடுகளில் இது நடக்கும். அதில் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் இருக்காது, கண்ணும் இதயமும் கெடும். பூனைக்கு முழுச் சத்து என்று எழுதியுள்ள குட்டித் தீனியை அடிப்படையாக வையுங்கள். மேலே வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். நாகப்பட்டினம் மத்தி மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சையாகப் போடாதீர்கள். பச்சை மத்தியில் தயமின் என்ற வைட்டமினை (பி1) அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும். தீனியை மாற்றியதும் நிறம் மாறாது. இருக்கிற முடி உதிர்ந்து புதிது வர வேண்டும், மாதக்கணக்காகும்.

தெருக் கடுவன் கேள்வி பாக்கி இருக்கிறது. பெட்டைக்குக் கடுவனோடு சேர்ந்த பிறகுதான் கருமுட்டை இறங்கும். சூட்டில் இருக்கும் சில நாட்களுக்குள் இரண்டு கடுவனோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு அப்பன் இருக்க முடியும். ஆகவே கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்வது முடியின் நீளம். நீள முடி ஒடுங்கிய மரபணு, அப்பனிடமிருந்தும் ஒரு பிரதி வர வேண்டும். மாடிக்கு வரும் குட்டைமுடிக் கடுவன் அதைச் சுமக்காவிட்டால் அவன் குட்டிகள் எல்லாமே குட்டைமுடியாகத்தான் பிறக்கும். ஊரில் பெர்ஷியன் கலப்பு பரவியிருப்பதால் அவன் ஒரு பிரதி சுமக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், பாதிக்குப் பாதிதான் நீளம். உங்கள் குட்டிகள் நாலும் நீளமுடி. நாலாவது குட்டிக்கு அதே தெருக் கடுவன் நீள முடியோடு பாயிண்ட் பிரதியையும் சேர்த்துச் சுமந்திருக்க வேண்டும். வீட்டுக் கடுவனை அப்பனாக வைத்தால் நாலு குட்டியும் தட்டில்லாமல் பொருந்துகின்றன. சத்தியம் பண்ண வேண்டுமென்றால் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் டிஎன்ஏ சோதனைதான் வழி. இந்தச் சந்தேகத்துக்காக அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

அந்தப் பணத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெர்ஷியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் உண்டு, பிகேடி என்பார்கள். ஆதிக்க மரபணு, பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரும். உலகெங்கும் பெர்ஷியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2004இல் அந்த மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரே சோதனையில் தெரிந்துவிடும். அல்லது பத்து மாதத்துக்கு மேல் ஆன பூனைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரியும். உங்கள் பக்கத்தில் ஸ்கேன் இல்லாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். ‘பன்ச் ஃபேஸ்’, ‘ட்ரிபிள் கோட்’, ‘ரேர் கலர்’ என்று விலை ஏற்றுகிறவர்களிடம் இந்தச் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் எந்த நிறமும் வாங்க வேண்டாம்.

பெட்டையை மறுபடி சேர்க்கும் முன் அவளுக்கும் கடுவனுக்கும் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். அதுவரை மாடிக்கதவு மூடியிருக்கட்டும். குட்டிகள் பால் மறப்பதற்குள்ளேயே அவள் மறுபடி சூட்டுக்கு வந்துவிடக்கூடும். குட்டிகளைக் கொடுக்கும்போது சீட்டில் அம்மாவின் நிறத்தை ‘ப்ளூ’ என்று எழுதாமல் ‘ப்ளூ-க்ரீம்’ என்று எழுதுங்கள். நாளைக்கு அந்தச் சாம்பல்-சந்தனப் பெட்டை குட்டி போடும்போது, அந்த வீட்டுக்காரர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.